கை நழுவிய மேஸ்திரி

எங்கள் குடியிருப்பில் இந்த வாரம் மாடிப்படிக் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்தேன். ரெட் ஆக்சைடு வாசனை முகத்தில் வந்து மோதியது. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க முதல் பூச்சாக அடிப்பார்களே, செங்கல் நிறத்தில், அதுதான். வாசனை என்று நான் சொல்கிறேன். எதிர்வீட்டுப் பெண் துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு லிஃப்டுக்குள் ஓடுகிறாள்.

நான் மட்டும் பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அதைப் பார்த்துவிட்டு எங்கள் சங்கத்துச் செயலாளர் மாடியேறி வந்தார். "மேடம், நீங்க கொஞ்சம் அந்தப் பசங்ககிட்ட பேசுங்களேன். நான் சொன்னா மொறைக்கறானுங்க. உங்களுக்குத்தான் ஆளுங்ககிட்ட இனிமையா பேசி வேலை வாங்கத் தெரியும்" என்றார்.

இந்தப் பாராட்டு எனக்குப் புதிதல்ல. ஆதம்பாக்கத்தில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பிளம்பர் கோபித்துக்கொண்டு போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாட்ச்மேன் ராஜினாமா செய்தாலும் நான்தான். அலுவலகத்திலும் அப்படித்தான். துப்புரவு, மின்சாரம், தோட்டம் என்று ஒப்பந்தக்காரர்களோடு மல்லுக்கட்டும் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளை என்னிடம் அனுப்பி, மேடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துக்கொள் என்பார்கள். கேட்டால் பெருமைப்பட வேண்டும். எனக்கோ உடம்பு கூசும். ஏன் கூசுகிறது என்று இதுவரை யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. ஒரே ஒருவரிடம் சொன்னேன், அதுவும் போன தை மாதம்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த வாசனைக்கு என் மூளையில் ஒரு முகவரி இருக்கிறது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில், ஒரு பெயின்டிங் ஒப்பந்தக்காரரின் அலுவலகம். பட்டப்படிப்பு முடித்துச் சும்மா இருந்த என்னை அங்கே சூப்பர்வைசராகச் சேர்த்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் என்ற சொல்லை வீட்டில் ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். பெயின்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது சுவரில் இருக்கும் என்பதுதான்.

முதலாளி குரல் உயர்த்தாத மனிதர். முதல் நாள் சொன்னார்: "பெயின்ட் பத்தி மெதுவாத் தெரிஞ்சுக்கலாம்மா. வீட்டுக்காரங்க கோவமா ஒண்ணு சொல்லுவாங்க. ஆளுங்க கோவமா ஒண்ணு சொல்லுவாங்க. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட சூடு ஆறவெச்சுக் கொண்டுபோகணும். அதான் உன் வேலை."

அப்படித்தான் நான் மரியாதையைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். தி. நகரில் ஒரு வீட்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்து, "இதென்ன சுவரா, எருமைத் தோலா?" என்று கத்தினார். நான் ஓடிப்போய் மேஸ்திரியிடம், "இந்த மூலையில இன்னொரு தடவை உப்புத்தாள் போட்டா நல்லா இருக்கும்னு சார் ஆசைப்படறாரு" என்றேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆசப்படறாரா? எருமன்னு எனக்குக் காதுல உய்ந்துச்சேமா" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு அவர் மூலையைத் தேய்க்கப் போய்விட்டார்.

அவர் பெயர் ஏழுமலை. ஐம்பது வயதிருக்கும். அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து, கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வேலைக்கு வருவார். வந்ததும் அதை மடித்து மஞ்சள் பையில் வைத்துவிட்டு, ஆயிரம் வீடுகளின் நிறம் தெறித்த ஒரு பழஞ்சட்டையை மாட்டிக்கொள்வார். தெறித்தது எல்லாம் மற்றவர்கள் கைவண்ணம் என்பது அவர் கட்சி. தன் கையிலிருந்து ஒரு பொட்டுப் பெயின்ட்கூடத் தரையில் சிந்தியதில்லை என்று யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். முதல் நாள் நான் அவரை சார் என்று கூப்பிட்டுவிட்டேன். "சாரா? நான் இன்னா கலெக்டரா? மேஸ்திரின்னு கூப்டு, போதும்" என்றார். ஆனாலும் அந்த ஒரு சாருக்காக அன்று முழுக்க முகம் மலர்ந்திருந்தார்.

அவரோடு வரும் ஆட்களில் கஸ்தூரி என்று ஒருத்தி. மேஸ்திரி குடியிருந்த இடத்திலேயே நாலு வீடு தள்ளி இருந்தாள். பழைய பெயின்டைச் சுரண்டுவது, தண்ணீர் கொண்டுவருவது, தரை துடைப்பது எல்லாம் அவள்தான். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் என் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தன் டப்பாவைத் திறப்பாள். என்னுடையது தயிர்சாதமாக இருந்தால் முகம் சுளித்து, தன்னுடைய கருவாட்டுக் குழம்பைக் கொஞ்சம் ஊற்றுவாள். தயிர்சாதத்தில் கருவாட்டுக் குழம்பு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் பாவம் செய்தவர்கள்.

சாப்பாடு சரி, தண்ணீர்தான் பிரச்சினை. நான் மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அரை தம்ளர் காபி குடிப்பேன். அதற்குப்பிறகு சாயங்காலம் வீடு திரும்பும்வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டேன். குடித்தால் எங்கே போவது? ஒரு வீட்டில் பெயின்ட் அடிக்கப் போகிறவர்களுக்கு அந்த வீட்டில் கழிப்பறை கிடையாது. யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் ஏதாவது சந்துக்குள் போய் வருவார்கள். கஸ்தூரி மத்தியானத்தில் தெருக்கோடிக் கோயிலின் பின்பக்கத்துக்கோ பெட்ரோல் பங்குக்கோ என்னையும் கூட்டிக்கொண்டு நடப்பாள். பங்கில் இருந்த பையனை "நைனா, ஒரு நிமிசம் சாவி குடு நைனா" என்று அவள் கொஞ்சி வாங்குவாள். நான் சற்றுத் தள்ளி, ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல நிற்பேன். சூப்பர்வைசர் அல்லவா.

இப்படி இருக்கையில் அடையாறில் ஒரு வீட்டு வேலை வந்தது. மரங்கள் கூடி நிழல் இறங்கிய ஒரு குறுக்குத்தெருவில் பழைய மாடிவீடு. பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் மட்டும் இருந்தார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்கள் வருவதற்குள் வீட்டைப் புதுசாக்க வேண்டும். முன் வராந்தாவில் வழவழப்பான மொசைக் தரை, அப்போதுதான் பாலிஷ் போட்டிருந்தார்கள். அதில் செருப்போடு ஏறக்கூடாது, வாளி வைக்கக்கூடாது. சார் ஒரு பிரம்பு நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்து தரையைக் காவல் காத்தார்.

அவர் என்னிடம் மிக நன்றாகப் பேசினார். "உட்காரும்மா, எந்தக் காலேஜ்ல படிச்சே? அப்பா என்ன பண்றார்?" என்றெல்லாம் விசாரித்தார். அதே மூச்சில் முகத்தைத் திருப்பி மேஸ்திரியிடம், "ஏய், அந்த ஏணியை அங்க சாத்தாதே, அறிவில்ல?" என்பார். இரண்டும் ஒரே வாயிலிருந்து, நடுவில் ஒரு இருமல்கூட இல்லாமல் வரும். அந்த அம்மாளும் நல்ல மாதிரிதான். முதல் நாளே நான் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்த குளியலறையைக் கஸ்தூரி உபயோகிக்கலாமா என்று கேட்டேன். எனக்கு என்று கேட்க வாய் வரவில்லை, கஸ்தூரிக்கு என்று கேட்டேன். "அது ரொம்ப நாளாப் பூட்டிக் கிடக்கும்மா. சாவி எங்க வெச்சேன்னு தெரியலை. தேடிப் பாக்கறேன்" என்றார் மெதுவாக, என் கையைத் தொட்டு. அவ்வளவு அன்பாக மறுத்தால் மறுபடி எப்படிக் கேட்பது?

வேலை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். அன்று என் அக்கா கொடுத்த சந்தன நிறச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். பெயின்ட் வேலைக்குச் சந்தன நிறமா என்று அம்மா கேட்டாள். நான் என்ன பெயின்டா அடிக்கப் போகிறேன் என்று திமிராகச் சொல்லிவிட்டு வந்தேன்.

காலை வேளை. வராந்தாச் சன்னல் கம்பிகளுக்கு மேஸ்திரி ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடுத்த சன்னலின் கம்பிகளில் எங்கெங்கே துரு அரித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சற்றுத் தூரத்தில் சார் நாற்காலியில் பேப்பரில் ஆழ்ந்திருந்தார். அவருக்கும் அப்பால், காம்பவுண்டுச் சுவரில் மூன்று பையன்கள் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி கொல்லைப்பக்கம் தண்ணீருக்குப் போயிருந்தாள்.

காலையிலிருந்து இடுப்பு வலி. வெயிலில் நின்றதால் என்று நினைத்தேன். கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

எழுந்து நிமிரக்கூட இல்லை. இடுப்புக்குக் கீழே பின்பக்கம் முழுவதும் சில்லென்று ஏதோ கொட்டியது. தகர டப்பா ஒன்று தரையில் விழுந்து உருண்டு போகும் சத்தம். திரும்பிப் பார்த்தால் மேஸ்திரி வெறுங்கையோடு நிற்கிறார். என் சுடிதாரிலிருந்து செங்கல் நிறத்தில் வழிந்து, பாலிஷ் போட்ட மொசைக்கில் ஓடுகிறது.

"அய்யய்யோ! கை நழுவிட்சும்மா! கை நழுவிட்சு!" என்று மேஸ்திரி கத்தினார். தேவைக்கு அதிகமாகவே கத்தினார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வராந்தாக் கூரையைப் பார்த்துக்கொண்டு கத்தினார். "போம்மா, பின்னாடி குழாய்க்குப் போ. காஞ்சா போவாது. ஓடு, ஓடு!"

நான் ஓடினேன். எதிரே ஓடிவந்த கஸ்தூரியிடம் சார், "ஏ பொம்பள, தரையத் துடை முதல்ல!" என்று கத்துவது கேட்டது. அவள் மண்ணெண்ணெயும் பழந்துணியும் எடுக்கப் போனாள். கொல்லைக் குழாயடியில் நான் தனியாக நின்று சுடிதாரின் பின்பக்கத்தை முன்னால் இழுத்துப் பிழிந்தேன். மனசுக்குள் மேஸ்திரியைத் திட்டிக்கொண்டுதான் பிழிந்தேன். தன் கையிலிருந்து ஒரு பொட்டு சிந்தாதாம், பெரிய கைதான் என்று. துணியின் உள்பக்கத்தைத் திருப்பியபோதுதான் பார்த்தேன். ரெட் ஆக்சைடுக்கு அடியில் இன்னொரு சிவப்பு இருந்தது.

தேதி தவறி, ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்த அந்த நொடியில் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. இன்னும் ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் நாற்காலியில் இருந்தவர் பார்த்திருப்பார், அந்த மூன்று பையன்களும் பார்த்திருப்பார்கள்.

குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவமானம் என்பது சூடாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. காதும் கழுத்தும் எரிந்தன. ஒரு ஆண்பிள்ளை, அப்பா வயதுக்காரர், பார்த்துவிட்டாரே என்பதுதான் முதலில் தோன்றியது. அவர் என்ன செய்தார் என்பது அதற்குப்பிறகுதான் மெதுவாக உறைத்தது. வீட்டிலோ அம்மாவும் நானும்கூட இதைப் பற்றிக் கண்ஜாடையில்தான் பேசுவோம்.

அதற்குள் முன்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "குடிச்சிட்டு வந்தியாடா? கையில தெம்பு இல்லேன்னா எதுக்குடா வேலைக்கு வர்றே? என் தரையைப் பாருடா! வெளிய போடா முதல்ல. எங்க அந்தப் பொண்ணு? கூப்பிடு!"

போனேன். துப்பட்டாவை இடுப்பில் சுற்றியிருந்தேன், ஈரத்தில் சிவப்பு இன்னும் சொட்டியது. மேஸ்திரி கைகட்டி நின்றார். கஸ்தூரி அவர் காலடியில் மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பையன்கள் பிரஷ்ஷைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள்.

"இங்க பாரும்மா," என்றார் சார், குரலைத் தாழ்த்தி. "உன் டிரெஸ்ஸையே நாசம் பண்ணிட்டான். இந்த ஆள் இனிமே என் காம்பவுண்டுக்குள்ள வரக்கூடாது. நீதானே சூப்பர்வைசர்? நீயே சொல்லி அனுப்பு. உங்க முதலாளிகிட்டயும் நான் பேசறேன்."

மேஸ்திரி என்னைப் பார்க்காமல், "தப்புதான் சார். நான் போய்க்கறேன் சார். அந்தப் பொண்ண ஒண்ணும் கேக்காதீங்க" என்றார். மஞ்சள் பையை எடுக்கக் குனிந்தார்.

அவரை அங்கேயிருந்து அனுப்பும் வார்த்தையை நான் சொல்ல வேண்டும். சூடு ஆறவைத்துச் சொல்லவே எனக்குச் சம்பளம். நிஜக் காரணத்தைச் சொல்லி அவரைக் காப்பாற்றலாம் என்றால் அத்தனை ஆண்கள் முன்னால் நாக்கு எழாது. எழுந்தாலும், அவர் எதை மறைத்தாரோ அதை நானே திறந்து காட்டியதாகும். என்ன யோசித்தேன் என்று சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை. வாயிலிருந்து வந்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

"சார், மேஸ்திரி மேல தப்பில்ல. நான்தான் எழுந்திருக்கும்போது டப்பாவை இடிச்சேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்க வேணாம்னு கை நழுவிடுச்சுன்னு சொல்றாரு."

மேஸ்திரியின் தலை சட்டென்று நிமிர்ந்தது. சார் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மாறிய விதத்தைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை.

"ஓ... நீயா இடிச்சே?" என்று சிரித்தார். "சரி, சரி, பரவாயில்லம்மா. தெரியாமத்தானே பட்டுது. யாருக்கும் நடக்கிறதுதான். தரைதானே, துடைச்சாப் போயிடும். நீ போய்த் துணியைக் கவனி, பாவம்."

அதே டப்பா, அதே தரை, அதே சிவப்பு. அவர் சிந்தினால் குடிகாரன், நான் சிந்தினால் பாவம். எனக்குக் கிடைத்த அந்தப் பரவாயில்லை அங்கே கைகட்டி நின்றவரின் காதிலும் விழுந்தது, தரையில் மண்டியிட்டிருந்தவளின் காதிலும் விழுந்தது. குழாயடியில் பட்டதைவிட அதிகமாக அப்போதுதான் கூசினேன். மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை மன்னிப்பாக சார் சொல்லுவார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

கதவோரம் நின்ற அந்த அம்மாள் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் என்னைத் திருப்பி நிறுத்திப் பார்த்தார். உள்ளே போய்த் துண்டும், தன் பழைய நைட்டியும், தேவையான மற்றதும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். இடுப்பிலிருந்த கொத்திலிருந்தே ஒரு சாவியை எடுத்து அந்தக் குளியலறையைத் திறந்தார். சாவி தொலையவே இல்லை என்பது அவருக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது. அவர் முகம் சிவந்துபோனது.

நான் வெளியே வந்ததும், "வேலை முடியறவரை நீ இங்கயே வந்துக்கோம்மா. கேக்கவே வேணாம்" என்றார். பிறகு குரலை இறக்கி, "நீ மட்டும். சார்க்கு மத்தவங்க வந்தாப் பிடிக்காது" என்றார். கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார்.

அவர் நைட்டியைப் போட்டுக்கொண்டு, அவர் துண்டால் தலை துவட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்தக் கோலத்தில் எந்த வாயால் மறுப்பது? "அம்மா, நீங்க இவ்வளவு செஞ்சது நான் மறக்க மாட்டேன்" என்றேன். "ஆனா எனக்கு மட்டும்னா எனக்குக் கஷ்டமா இருக்கும்மா. கஸ்தூரியும் பொம்பளதான். நான் இங்க வந்தா அவ தனியா வெயில்ல அந்தப் பங்குக்கு நடக்கணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா சார் கேப்பாரு." அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன். இதை நான் சாமர்த்தியமாகப் பேசியதாக எண்ண வேண்டாம். நைட்டியின் கழுத்து தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது, அதை இழுத்து இழுத்து விட்டபடியேதான் பேசினேன்.

அந்த அம்மாள் வெகுநேரம் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கொத்திலிருந்து கழற்றிக் கதவுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார். "சார்கிட்ட நான் எதுவும் சொல்லப் போறதில்ல. நீங்களும் சொல்லாதீங்க" என்றார். அந்த வேலை முடியும்வரை சாவி அங்கேயே தொங்கியது. அந்த வீட்டில்தான் நான் முதன்முதலாக வேலை நேரத்தில் தண்ணீர் குடித்தேன். கஸ்தூரி ஒரு சொம்பு முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "கல்யாண வூட்ல கூட இப்டி குடிச்சதில்லம்மா" என்றாள்.

சாயங்காலம் கிளம்பும்போது மேஸ்திரி வெள்ளைச் சட்டைக்கு மாறி, கேட்டருகே எனக்காக நின்றிருந்தார். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். எனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொன்னால், நீங்கள் பார்த்தீர்கள் என்று நானே அவரிடம் சொன்னதாகிவிடும். அவர் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளத்தானே அத்தனை பாடுபட்டார்?

அவர்தான் முதலில் பேசினார். "நல்ல துணி, பாயாப் போச்சே."

"பரவாயில்ல மேஸ்திரி."

"நீ எதுக்கும்மா பயிய உன் மேல போட்டுக்கின? நான் போய்க்கினு இருப்பேன். எனக்கு இதெல்லாம் பயக்கம்மா."

பழக்கம் என்று அவர் சொன்னது சாதாரணமாகத்தான். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

அதற்குப்பிறகு மூன்று வருடம் அவரோடு வேலை செய்தேன். ஒருநாள்கூட அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததில்லை. மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் என் கல்யாணம் நடந்தபோது வெள்ளைச் சட்டையில் மனைவியோடு வந்தார். ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். பிரித்தால் சந்தன நிறச் சுடிதார் துணி. "அன்னிக்குக் கை நழுவிப் பாயாக்கிட்டேன்ல" என்றார், என் கணவருக்கும் கேட்கும்படியாக. யாரும் கேட்காதபோதும் அவர் அந்தப் பொய்யைக் கைவிடவில்லை. மாலையும் கழுத்துமாக நின்ற நான் தலையாட்டினேன்.

பிறகு எனக்கு வேறு வேலை, குழந்தைகள். முதலாளி காலமானார், பாத்திரக்கடைக்கு மேலே இருந்த அலுவலகம் மூடப்பட்டது. அந்த அடையாறு வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ஆற்றங்கரைக் குடிசைகளும் போயின. ஒருமுறை பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்த்தேன். வேலி போட்டுப் புல் வளர்த்திருந்தார்கள்.

போன தை மாதம் திருவான்மியூர் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். "இன்னாம்மா, அடையாளம் தெர்லியா?" என்று ஒரு குரல். நரைத்த தலை, நீல நிறச் சீருடைப் புடவை. கஸ்தூரி! ஏதோ ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை. ஆற்றங்கரையைக் காலி செய்தபோது கொடுத்த குடியிருப்பு நகரத்துக்கு வெளியே வெகுதூரம் தள்ளி, எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில். விடியுமுன் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருகிறாளாம். இரண்டு பேரும் சிமென்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். மேஸ்திரி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நயிவல் மேஸ்திரியா? அவரு போய் நாலு வருசம் ஆவுதேமா. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறதுக்குள்ள..."

"நழுவல் மேஸ்திரியா?"

கஸ்தூரி சிரித்தாள். "அதான்மா, அன்னிக்கு உன் மேல டப்பாவ வுட்டாரே, அதுலேந்து அவுருக்கு அதான் பேரு. ஒரு சொட்டு சிந்தாத கையின்னு பீத்திக்கினு இருந்தாருல்ல? பசங்க வுடுவானுங்களா? வேலைல, டீக்கடைல, கல்யாணத்துல, எங்க பாத்தாலும் 'நயிவல்' 'நயிவல்'னுதான். அவரு பேராண்டிகூட அப்டித்தான் கூப்டுவான். சாவுல கூட ஒருத்தன், கெட்டியாப் புடிச்சுத் தூக்குங்கடா, நயிவிடப் போறாருன்னான். அழுதுக்கினு இருந்தவங்கெல்லாம் சிரிச்சிட்டாங்க."

"அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"இன்னா சொல்லுவாரு? ஆமாண்டா, ஒரு நாள் நயிவிட்சு, அந்தப் பொண்ணு நல்ல மனசு, பயிய தன் மேல போட்டுக்கிச்சு, அதனால பொயச்சேன்னுவாரு. உன்னப் பத்தி அவ்ளோ பெருமையா சொல்லுவாரு தெரியுமா?"

அந்த மனிதர் தன் ஒரே பெருமையை எனக்காகத் தரையில் கொட்டிவிட்டு, எஞ்சிய வாழ்நாள் முழுக்கக் கேலியைச் சுமந்திருக்கிறார். அதோடு என்னை நல்லவளாகவும் ஆக்கிவைத்திருக்கிறார். பஸ் நிலையத்தின் சத்தத்துக்கு நடுவில், இவ்வளவு வயதான பிறகும் கஸ்தூரியின் காதருகே குனிந்துதான் நடந்ததைச் சொன்னேன். குழாயடியில் நான் பார்த்ததைச் சொன்னேன். "கை நழுவல கஸ்தூரி. வேணும்னுதான் கொட்டினாரு."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. என் முகத்தையே பார்த்தாள். "தன் பொஞ்சாதி, அந்த அக்காகிட்ட கூட சொல்லலியே அந்த மனுசன்," என்றாள். "நானும்தானே நயிவல் நயிவல்னு கூப்டேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அவள் பஸ் வந்தது. சட்டென்று எழுந்தாள். "இன்னிக்குப் போனதும் மொத வேலை, அல்லாரையும் கூப்ட்டு இத்தச் சொல்றேம்மா. ஒர்த்தன் இனிமே அந்தப் பேர் சொல்லக்கூடாது" என்று படியில் கால் வைத்தாள். வைத்தவள் அப்படியே திரும்பினாள்.

"யாரக் கூப்புட்றது?" என்றாள். "அவரு போனப்பறம் குடிசைங்கள இடிச்சாங்கல்ல, லாரில ஏத்தும்போதே ஆளுக்கொரு பக்கம் பிரிச்சுட்டாங்க. அக்காவும் போய்ச் சேந்துட்டாங்க. பசங்க எங்க கீறானுங்கன்னு எனக்கே தெர்லியேமா."

நடத்துநர் விசில் ஊதினார். பஸ் கிளம்பியது.